பேப்பர் எழுதினதுக்கா பெரியப்பா பரிசு?



ரொம்ப நாளாக இங்கே எதுவும் எழுதவில்லை. கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து செல்போனை அதிகம் பார்க்கக் கூடாது என்று வீட்டில் தடை. இன்றைக்குத் தடையை மீறுகிறேன். காரணம், போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சு. பதிவு நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் எடுக்கிறாள். கரிசல் மண்ணைப் பற்றி அவள் எழுதி ஓர் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரைக்கு, அவள் துறைப் பொறியாளர்களின் சங்கம் ஒன்று பரிசு கொடுத்திருக்கிறது. ஒரு பதக்கம், ஒரு சான்றிதழ். "சார், பேரெல்லாம் போட்டு எழுதிடாதீங்க, வேலை செய்யற எடத்துல சங்கடம்" என்றாள். அதனால் பெயரைச் சொல்லவில்லை. செய்தியை மட்டும் நம் குழுவில் போட்டேன்.

முதலில் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. பிறகு மச்சான் கேட்டார், "பரிசுத் தொகை எவ்வளவு மாமா?" தொகை பெரிதாக ஒன்றும் இல்லை என்றதும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்தவன் என் தம்பி மகன். கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன், நல்ல உழைப்பாளி. அவன் கேட்டது இது: "பேப்பர் எழுதினதுக்கா பெரியப்பா பரிசு? வெயில்ல நின்னு கட்டடம் கட்டறவனுக்கு எந்தச் சங்கம் பதக்கம் குடுக்குது?"

பதில் அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். இரண்டு வரியில் சொல்ல முடியாத பதில் அது. ஏனென்றால் அதில் என் சொந்தத் தப்பு ஒன்று இருக்கிறது. இதுவரை உங்களில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

முதலில் அவன் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். பேப்பர் என்ற பெயரில் நம் நாட்டில் குப்பையும் நிறைய வருகிறது. பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை, கல்லூரியின் தரவரிசைக்கு இத்தனை கட்டுரை என்று கணக்கு வைத்தபின், காசு வாங்கிக்கொண்டு வாரத்துக்குள் அச்சேற்றிக் கொடுக்கும் இதழ்கள் முளைத்தன. நல்ல இதழ் எது, போலி எது என்று சொல்லப் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பட்டியல் வைத்துப் பார்த்தது. அதையும் 2025-இல் கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட பேப்பருக்குப் பரிசு என்றால் நானும் தம்பி மகன் கட்சிதான்.

ஆனால் எல்லாப் பேப்பரும் அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2000-களின் நடுவில் நான் ஓர் ஊரில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டப் பணம் வந்தது. அந்தக் காலத்தில் கிராமக் கல்விக் குழுவும் தலைமையாசிரியரும்தான் நின்று கட்ட வேண்டும். கம்பி, மணல், ஜல்லி, கூலி, பில் எல்லாம் என் தலையில். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்குக் குழந்தை உளவியலும் கற்பித்தல் முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். அஸ்திவாரம் எத்தனை அடி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இடம் பருத்தி விளைந்த கொல்லை. நம் பக்கத்து மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசியில் காலை விட்டால் கணுக்கால் வரை இறங்கும் வெடிப்பு, ஐப்பசியில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் சேறு. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் தாய். வீட்டுச் சுவருக்குச் சத்துரு.

குழி வெட்டும்போதே பெரிய கொத்தனார் சொன்னார், "சார், இது கரிசக்காடு. இன்னும் ஆழமாப் போவணும். இல்லன்னா சொவுரு வெடிக்கும்." எஸ்டிமேட்டில் போட்டிருக்கிற ஆழம் இவ்வளவுதான், அதற்கு மேல் போனால் யார் கணக்கில் எழுதுவது என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். நாற்பது வருஷம் மண்ணோடு பழகியவரை, தாளில் இருந்த ஒரு எண்ணைக் காட்டி வாயடைத்தேன்.

முதல் வருஷம் எல்லாம் அழகாக இருந்தது. இரண்டாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் ஏறியது. மழைக்காலம் வந்ததும் மூடிக்கொண்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து, பூசி, வெள்ளையடித்தேன். அடுத்த கோடையில் அதே இடத்தில், இன்னும் அகலமாக. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரிசலுக்குக் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைக்கச் சொன்னார். காகிதம் கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து ஒட்டினேன். பதினோரு நாளில் கிழிந்தது. அன்றைக்கே பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். பிறகு அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சுவர் ஏன் வெடித்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அதைப் புரிய வைத்தவள் இந்தப் பெண்தான். மரத்தடிக்குப் போன அந்த ஐந்தாம் வகுப்பில் அவளும் ஒருத்தி. மூன்று வருஷத்துக்கு முன் வீட்டுக்கு வந்தபோது, "சார், நீங்க பேப்பர் ஒட்டினீங்களே, அது கிழிஞ்ச அன்னிக்கு நாங்கல்லாம் லீவு விடுவீங்கன்னு நெனச்சோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று அவள் கையில் இரண்டு அளவு ஜாடி. நம் வீட்டுக் கொல்லை மண்ணைக் காயவைத்து, இடித்து, மெல்லிய சல்லடையில் சலித்தாள். ஒவ்வொரு ஜாடியிலும் சரியாகப் 10 கிராம். ஒன்றில் 100 மில்லி குறி வரை தண்ணீர். இன்னொன்றில் அதே அளவு மண்ணெண்ணெய். (அந்த மண்ணெண்ணெய்க்கு ஊரெல்லாம் அலைந்தேன். ரேஷனில் வரிசையில் நின்று வாங்கிய பொருள், இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை.) கலக்கிவிட்டு, "நாளைக்குப் பாருங்க சார்" என்றாள். மறுநாள் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் அப்படியே அடியில் படிந்து கிடக்கிறது. தண்ணீர் ஜாடியில் அதே 10 கிராம் மண் உப்பிப்போய் உயரமாக நிற்கிறது. பேரன் ஜாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

இந்தச் சோதனை அவளுடைய கண்டுபிடிப்பு இல்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ளது. இரண்டு உயரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணெண்ணெய் ஜாடியின் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் மண்ணின் வீக்கம் எத்தனை சதவீதம் என்று வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பையன் போடும் கணக்கு. கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற ஒரு வகைக் களிமண் இருக்கிறது. ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு. தண்ணீர் அந்த ஏடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகிறது. காய்ந்ததும் ஏடுகள் திரும்ப நெருங்குகின்றன. மழையில் மண் சுவரைத் தூக்குகிறது, கோடையில் கீழே விடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தூக்கினால் பரவாயில்லை. ஓரத்தில் ஈரம் அதிகம், நடுவில் குறைவு. அதனால் ஒரு மூலை ஏறும், ஒரு மூலை இறங்கும். சுவர் வெடிக்காமல் என்ன செய்யும்?

என் மழைக்கால விரிசல் ஏன் தானாக மூடியது என்பதற்கு இதுதான் விடை. நான் அதற்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் சொன்ன இரண்டு விஷயம்தான் என்னை அன்று இரவு தூங்க விடவில்லை.

ஒன்று, ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதே மண்ணுக்கென்று ஒரு வழியை வகுத்துக் கொடுத்திருந்தது. அண்டர்ரீம்டு பைல் என்பார்கள். மெல்லிய கான்கிரீட் தூணைச் சுமார் மூன்றரை மீட்டருக்கு, பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழம் வரை இறக்குவது. அடியில் தூணின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு ஒரு குமிழ். மேல்மண் எவ்வளவு ஆடினாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும். இதற்கான இந்தியத் தர நிர்ணயமே 1980-இல் வந்துவிட்டது.

இரண்டாவது, பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஆர்.கே. கட்டி என்ற பேராசிரியர் கரிசல் மண்ணோடு பல ஆண்டு மல்லுக்கட்டினார். ஓரளவு ஆழத்துக்குக் கீழே கரிசல் மண் வீங்காமல் அடங்கி இருப்பதை அவர் கவனித்தார். மேலே இருக்கும் மண் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அந்த வேலையைச் செய்ய வீங்காத, ஒட்டும் தன்மையுள்ள வேறு மண்ணை ஒரு கெட்டிப் படுகையாக நாமே பரப்பலாமே என்று யோசித்தார். கர்நாடகத்தில் மலப்பிரபா கால்வாயில் அதைச் செய்தார்கள். இந்திய மண்ணியல் பொறியாளர் சங்கமான இந்தியன் ஜியோடெக்னிக்கல் சொசைட்டி 1978-இல் தன் முதல் ஆண்டுப் பேருரைக்கு அவரைத்தான் அழைத்தது. தலைப்பே கரிசல் மண் சிக்கல்களுக்குத் தீர்வு தேடுவது பற்றித்தான். அந்தப் பேருரை சங்கத்தின் இதழில் அச்சாகியும் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் குழி வெட்டியபோது இந்த அறிவு அச்சாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரூர்க்கியில் இருந்தது, பம்பாயில் இருந்தது, நூலகங்களில் இருந்தது. நம் ஊரில் அது அந்தக் கொத்தனாரின் வாயில் இருந்தது. அதையும் நான் கேட்கவில்லை.

இனி தம்பி மகனுக்குப் பதில்.

தம்பி, கட்டுரைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை வேலை தெரியாத பேராசிரியர்கள் தொடங்கினார்கள் என்று நினைக்கிறாய். அதில் மிகப் பழையவற்றுள் ஒன்று லண்டனில் உள்ள சிவில் பொறியாளர் கழகத்தின் டெல்ஃபோர்டு பதக்கம். தாமஸ் டெல்ஃபோர்டு யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் ஆடு மேய்ப்பவருக்குப் பிறந்தவர். கல் கொத்தனாரிடம் எடுபிடியாகத் தொழிலைத் தொடங்கியவர். பிறகு பாலமும் கால்வாயும் சாலையுமாகக் கட்டிக் குவித்து, அந்தக் கழகத்துக்கே முதல் தலைவர் ஆனார். 1834-இல் இறந்தபோது அவர் கழகத்துக்கு விட்டுச்சென்ற பணத்திலிருந்துதான் அந்தப் பதக்கம் பிறந்தது. உன்னைப் போல வெயிலில் நின்ற ஆள் விட்டுப்போன காசு, எழுதுகிறவனுக்குப் பரிசாகப் போகிறது.

அமெரிக்காவில் சிவில் பொறியாளர் சங்கம் 1852-இல் தொடங்கியது. ஜார்ஜ் நார்மன் என்ற உறுப்பினர் கொடுத்த நிதியில் 1872-இல் நார்மன் பதக்கம் ஏற்பட்டது. சங்கத்தின் வெளியீடுகளில் வந்த கட்டுரைகளில், பொறியியல் அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்த கட்டுரைக்கு அது போகும். கார்ல் டெர்சாகி என்பவர் அதை நான்கு முறை வாங்கினார்: 1930, 1943, 1946, 1955. இன்று உலகம் முழுக்க மண்ணியல் பொறியியல் என்று நடத்தும் பாடத்துக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு துருக்கியில் கல்லூரி வாத்தியாராக இருந்தபோது, கையில் கிடைத்த எளிய சாமான்களை வைத்துக் களிமண்ணை அழுக்கியும் நனைத்தும் பார்த்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1925-இல் புத்தகம் எழுதினார். அதற்கு முன் பெரிய பெரிய கட்டடக்காரர்கள்கூட மண் விஷயத்தில் அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பித்தான் இருந்தார்கள்.

கட்டியவனை விட்டுவிட்டு எழுதியவனுக்கு ஏன் கொடுக்கிறார்கள்? நம் ஊரிலேயே விடை இருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனவர்கள் பொன்னேரியைப் பார்த்திருப்பீர்கள். ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம். அவ்வளவு நீளக் கரையை எந்த மண்ணைக் கொண்டு போட்டார்கள், எப்படி இறுக்கினார்கள், எந்த இடத்தில் தப்புச் செய்து திருத்தினார்கள்? தெரியாது. ஏரியைக் கொடுத்த மன்னனைக் கல்வெட்டும் செப்பேடும் புகழ்கின்றன, கரை போட்டவன் கற்ற பாடத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. கல்லணையும் அப்படித்தான். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் எப்படி நிற்கிறது என்பதைக் கல்லணையிடமிருந்து கற்றோம் என்று ஆர்தர் காட்டன் பின்னாளில் எழுதி வைத்தார். முக்கொம்பில் 1836-இல் மேலணை, பிறகு 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணை. வேலை செய்தவர் நம் ஆள். எழுதியவர் காட்டன். எழுதியதால்தான் காவிரியின் பாடம் கோதாவரிக்குப் போனது.

கட்டடம் ஓர் ஊருக்குப் பயன்படும். அது எப்படி நின்றது என்று எழுதினால் ஆயிரம் ஊருக்குப் பயன்படும். பரிசு அந்த இரண்டாவது வேலைக்கு.

அந்த எழுத்தும் சும்மா வாங்கப்படுவதில்லை. நல்ல இதழில் ஒரு கட்டுரை வர வேண்டுமானால், அதே துறையில் ஊறிய இரண்டு மூன்று பேர் அதைத் திருத்துவார்கள். திருத்துகிறவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. நம் பொதுத்தேர்வு விடைத்தாளில் டம்மி நம்பர் போட்டுத் திருத்துகிறோம் அல்லவா, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண்ணின் கட்டுரை மூன்று முறை திரும்பி வந்ததாம். "ஈரத்தை ஒரு பருவம் மட்டும் அளந்தது போதாது" என்று எழுதித் திருப்பினார்களாம். இன்னொரு வருஷம் காத்திருந்து அளந்தாள். அவசரத்துக்குக் காசு வாங்கும் இதழுக்குப் போயிருந்தால் அந்த ஒரு வருஷம் மிச்சம். பதக்கத்தைவிட அந்த ஒரு வருஷத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

"கட்டறவன் வேற, எழுதறவன் வேற" என்று தம்பி மகன் சொல்வதற்கு இன்னொரு பதில் நம் கண் முன்னே இருக்கிறது. 2025 ஜூன் 6-இல் காஷ்மீரில் செனாப் ரயில் பாலத்தைத் திறந்தார்கள். நீளம் 1,315 மீட்டர், ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம், வளைவு மட்டும் 467 மீட்டர். அந்த வாரம் எல்லார் செல்போனிலும் ஒரு பேராசிரியை படம் வந்தது, நினைவிருக்கிறதா? ஜி. மாதவி லதா. ஆந்திரத்தில் பிரகாசம் மாவட்டத்து விவசாயக் குடும்பம். முனைவர் பட்டம் வாங்கியது நம் சென்னை ஐ.ஐ.டி.யில். இப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். அந்தப் பாலத்தின் பாறை, சரிவு, அஸ்திவார விஷயங்களுக்குப் பதினேழு வருஷம் ஆலோசகராக இருந்தார்.

முன்கூட்டி வரைந்த படத்தை அப்படியே கட்ட முடியாத இடம் அது. தோண்டத் தோண்டப் பாறையில் எதிர்பாராத பிளவுகள். அதனால் பாறை என்ன காட்டுகிறதோ அதைப் பார்த்து வடிவமைப்பை மாற்றிக்கொண்டே போனார்கள். அந்த அனுபவத்தை அவர் கட்டுரையாக எழுதினார். அது இந்தியன் ஜியோடெக்னிக்கல் ஜர்னலில், பாலம் திறந்த அதே சமயத்தில் வந்தது. அதே சங்கம் 2021-இலேயே அவரைச் சிறந்த பெண் மண்ணியல் ஆய்வாளர் என்று பாராட்டி விருது கொடுத்துவிட்டது. நமக்கு அவரைத் தெரிய 2025 ஆனது. துறைச் சங்கத்துக்கு நான்கு வருஷம் முன்பே தெரிந்திருந்தது. சங்கங்களின் விருது எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான். பாலம் திறந்தபின் மாலை போட யாராலும் முடியும். அதற்கு முன்பே வேலையை மதிப்பிட, வேலை தெரிந்தவர்களால்தான் முடியும்.

விண்ணப்பத்தோடு போட்டோ ஆல்பம் இணைத்து, சிபாரிசுக் கடிதம் வாங்கி, நாமே நமக்குக் கேட்டு வாங்கும் விருதுகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். ஒருமுறை நானும் அந்தக் கோப்பைத் தயாரித்தேன் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கிடைக்கவில்லை. நல்லவேளை. வெடித்த சுவரின் படத்தை அதில் நான் வைக்கவில்லை.

இவ்வளவு சொன்னபின் அந்தச் சங்கங்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு வெறும் பாராட்டு மடல் ஆகிவிடும்.

பரிசு பெற்ற கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. பல சமயம் பணம் கட்டினால்தான் படிக்க முடியும். படித்தாலும் கொத்தனாருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ தலைமையாசிரியருக்கோ புரியாது. ரூர்க்கிக்கும் நம் ஊருக்கும் நடுவில் பாதை அறுந்து கிடந்ததால்தான் என் சுவர் வெடித்தது. என் தப்பு எனக்குத் தெரியும், அதை நான் யார் மேலும் தள்ளவில்லை. ஆனால் பாதை இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது. பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக் கல் வெட்டி ஊர் உலகத்துக்கெல்லாம் சிமெண்ட் அனுப்புகிறோம். லாரி போகிற சாலை ஓரத்து வீடுகளின் சுவரைப் பாருங்கள். எத்தனை வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து அந்தப் படிக்கட்டு விரிசல் ஏறுகிறது!

அதனால் என் கருத்து இது. ஒரு கட்டுரைக்குப் பரிசு கொடுக்கும்போது, அதை எழுதியவரே ஒரே ஒரு பக்கம் தாய்மொழியில் எழுதித் தர வேண்டும் என்று சங்கம் நிபந்தனை போடட்டும். சூத்திரம் வேண்டாம். எந்த மண், என்ன ஆபத்து, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் பாலிடெக்னிக்குக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் போகட்டும்.

இன்னொன்று. தோற்றுப்போன வேலையை நேர்மையாக எழுதுபவருக்கும் ஒரு பதக்கம் வேண்டும். வெற்றிக் கதையைச் சொல்ல எல்லாருக்கும் ஆசை. என் சுவர் வெடித்த கதையை நான் இத்தனை வருஷம் மறைத்தேன். நான் அன்றே எழுதி நாலு பள்ளிக்கு அனுப்பியிருந்தால், அதே சமயம் கரிசலில் கட்டிக்கொண்டிருந்த வேறொரு தலைமையாசிரியர் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, "சங்கம் போடறப்போ போடட்டும் சார். நான் ஒரு பக்கம் எழுதித் தரேன், நீங்க தமிழைத் திருத்துங்க" என்றாள். எழுதி அனுப்பினாள். சிவப்பு மை எடுத்துத் திருத்தினேன். ரொம்ப வருஷம் கழித்து அந்த மையை எடுத்தேன். ஒற்றுப் பிழை நிறைய, விஷயத்தில் பிழை இல்லை. அதிலிருந்து கரிசல் காட்டில் வீடு கட்டப் போகும் உறவுகளுக்காக நாலு விஷயம் மட்டும் இங்கே தருகிறேன்.

கட்டும் முன் மண் பரிசோதனை செய்யுங்கள். வீட்டுச் செலவில் அது கடுகளவு. பக்கத்து வீட்டு அஸ்திவார ஆழத்தைப் பார்த்து அப்படியே வெட்டாதீர்கள்.

வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டு, கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரோரம் தேங்காமல் வெளியே ஓடும்படி வாட்டம் விடுங்கள்.

சுவரை ஒட்டிப் பெரிய மரம் வைக்காதீர்கள். வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சினால் அந்தப் பக்கம் மண் இறங்கும். மரம் வேண்டும், தள்ளி வையுங்கள்.

விரிசல் வந்துவிட்டால் உடனே பூசி மறைக்காதீர்கள். குறுக்கே ஒரு காகிதம் ஒட்டித் தேதி எழுதுங்கள். கிழிந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம், நான் பூசிவிடுவேன்!

இந்தப் பக்கத்தைத் தம்பி மகனுக்கும் அனுப்பினேன். நீல நிறக் குறி விழுந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "பெரியப்பா, வேப்பூர் பக்கம் ஒரு வேலை புடிச்சிருக்கேன், கரிசல்தான். அந்தப் பொண்ணு நம்பர் கெடைக்குமா?" என்று ஒரு செய்தி. அவளிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். பரிசைப் பற்றி அவன் மனசு மாறிவிட்டதா என்று கேட்கவில்லை. அது எனக்கு முக்கியமும் இல்லை.

எனக்கு ஒரே வருத்தம் பாக்கி இருக்கிறது. அந்தக் கொத்தனார் இப்போது இல்லை. அவர் சொன்னதைத்தான் இந்தப் பெண் ஜாடியிலும் அளவுகோலிலும் நிரூபித்திருக்கிறாள். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், இந்தப் பகுதிக் கொத்தனார்களுக்கு ஒரு வரி நன்றி போட்டிருப்பதாகச் சொன்னாள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய், அவர் மகனிடம் அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்லிவிட்டு வந்தேன். இருபது வருஷத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய மன்னிப்பையும் சேர்த்துச் சொன்னேன். அவன் காபி கொடுத்தான்.

என்னிடம் படித்துப் பொறியாளர் ஆனவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். துபாயில், சிங்கப்பூரில், சென்னையில். உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கீழே போடுங்கள். பிழை இருந்தால் பரவாயில்லை, திருத்த நான் இருக்கிறேன். பதக்கம் கொடுக்க என்னிடம் வசதியில்லை. பழைய வழக்கப்படி நோட்டில் "நன்று" போட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

கண் வலிக்கிறது. வீட்டில் குரலும் உயர்கிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
குன்னம்.